பார்வையாளர் நேரம்

ஆகஸ்ட் 9, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். பாளையங்கோட்டைத் தெருக்களில் இத்தனை பள்ளம் இருப்பது என் வலது முழங்காலுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. மகள் மதி முன்சீட்டில் இருந்து டிரைவரை அதட்டிக்கொண்டே வந்தாள். அத்தான் தன் மடியில் தலையணை வைத்து என் காலைத் தாங்கிக்கொண்டார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் முகம்தான் சுருங்கியது.

"வலிக்கா உலகு?"

"இல்ல அத்தான்."

"பொய் சொல்லுதா. மதி, உங்கம்மா பொய் சொல்லுதா."

அவர் என் சொந்த அத்தை மகன். கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் 'அத்தான்' தவிர வேறு பெயர் என் வாயில் வரவில்லை. ரேஷன் கார்டில் கோமதிநாயகம். மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்தவர். வெளியே கிளம்பினால் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து கேஸை மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள். ஷிப்ட் முடிந்ததும் நாலு வரி எழுதி வைக்கிற பழக்கம் அங்கே வந்தது, அப்புறம் விட்டுப்போனது. இனிப் படுத்தே கிடக்க வேண்டும் என்பதால் மறுபடி பேனா எடுத்திருக்கிறேன்.

மூட்டு மாற்று ஆபரேஷனை ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டேன். இந்த வருஷம் நானாகவே போய்த் தேதி கேட்டேன். "என்னம்மா, திடீர்னு இவ்வளவு அவசரம்?" என்று டாக்டர் சிரித்தார். வீட்டில் இனிமேல் ஓடியாட ஒரு ஆள் வேண்டும் டாக்டர் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பிசியோதெரபி ஆரம்பம். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியிலிருந்தே ஒரு பெண் வருகிறாள். ஜெபஷீலா என்று பெயர். சிரித்த முகம், இரும்புக் கை. "மடக்குங்க ஆன்ட்டி. இன்னும். இன்னும் கொஞ்சம்." நான் போட்ட சத்தத்தில் தெருநாய் குரைத்தது.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போய் வந்தேன். அங்கே கம்மோடுக்கு மேல் உயரமான பிளாஸ்டிக் சீட் ஒன்றை மதி மாட்டியிருக்கிறாள். சிம்மாசனம்தான்.

அத்தான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்தப் பிள்ள ஏன் இவள இப்படி அழ வைக்கி?" என்று மதியிடம் கேட்டார். மதி பொறுமையாக விளக்கினாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவர், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அதையே கேட்டார். மதி என்னைப் பார்த்தாள். என் மேல் அவ்வளவு கவலை அவருக்கு என்றேன்.

ஆகஸ்ட் 16, சனி

தையல் காய்கிறது. மதி தலை சீவி விட்டாள். இட்லி, எள்ளுப்பொடி. விசேஷம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

மதி புனேவுக்குப் புறப்பட்டுப் போனாள். லீவு முடிந்துவிட்டது. போவதற்கு முன் மாத்திரைகளை அப்பாவிடம் ஒப்படைத்தாள்.

"இந்தச் சின்ன மாத்திரை ரத்தம் கட்டாம இருக்கதுக்குப்பா. காலைல ஒண்ணே ஒண்ணு. கூடக் குடுத்திராதீங்க, எங்கயாவது உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சிரும்."

"ஹைடென்ஷன் லைன்ல கிடந்து வேல பாத்தவன்ட்டி நான். ஒரு மாத்திரையத் தரத் தெரியாதா எனக்கு?"

முழு நேரமும் கூட இருக்க ஒரு அட்டெண்டரைப் போடலாம் என்று மதி எவ்வளவோ சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். வெளி ஆள் ஒருத்தி வீட்டுக்குள் நாள் முழுக்க இருந்தால் எல்லாவற்றையும் பார்ப்பாள்.

டாக்ஸி போன பிறகும் அத்தான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து, "மதி எங்க?" என்றார். ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். "எங்கிட்ட சொல்லவே இல்லையே," என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சமையல் அத்தான் பொறுப்பு. நேற்று ரசத்தில் உப்பே இல்லை. இன்றைக்குப் பருப்புக் குழம்பில் இரண்டு தடவை விழுந்துவிட்டது. சராசரி பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. மோரை ஊற்றிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸில் சோறும் துவையலும் வைத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு மூன்று நாளாக இது நடக்கிறது.

"எங்கத்தான்?"

"ஒரு ஆளப் பாக்கணும்."

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். பாக்ஸைத் திறந்த மாதிரியே தெரியவில்லை. அடுப்படி மேடையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஆளு சாப்பிடலையா?"

"பாக்க முடியல. தூங்குதாளா இருக்கும்."

தூங்குதாளா. காதை வைத்துப் பிழைத்தவள் நான். எத்தனை இரைச்சல் லைனிலும் ஒரு எழுத்தைத் தவறவிட்டதில்லை. இன்றைக்கு மட்டும் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். அவருக்கு எழுபத்திரண்டு வயசு. அவர்மேல் என்ன சந்தேகம் வேண்டிக்கிடக்கிறது எனக்கு?

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. எதிர்வீட்டிலிருந்து கொழுக்கட்டை வந்தது. அத்தான் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கட்டிலருகே நீட்டினார்.

"எடுத்துக்கோங்க. கூச்சப்படாதீங்க."

"என்ன அத்தான், புதுசா மரியாதையெல்லாம் பலமா இருக்கு?"

"வீட்டுக்கு வந்தவங்களுக்கு மரியாதை குடுக்கணும்லா."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கல்யாணமான புதிதில் இப்படித்தான் வாங்க போங்க என்று கேலி செய்வார். ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. தப்பான நம்பரைக் கேட்டு வாங்கிவிட்டு, எதிர்முனையில் இருக்கிற அந்நியரிடம் மன்னிப்புக் கேட்பார்களே, அப்போது குரலில் ஒரு சிரிப்பு இருக்கும். அது.

தேங்காய்ப் பூரணம் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

தொடையிலும் கெண்டைக்காலிலும் நாவல்பழ நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது. முழங்கால் வீங்கிச் சுடுகிறது. பல் தேய்த்தால் எச்சிலோடு ரத்தம். ஜெபஷீலா போர்வையை விலக்கிப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"ஆன்ட்டி, ரத்த மாத்திரை எத்தன சாப்பிடுதீங்க?"

"ஒண்ணுதான்."

"அட்டையக் காட்டுங்க."

அட்டைகள் காலி. இன்னும் பாதிக்கு மேல் மீதி இருக்க வேண்டும். ஜெபஷீலா அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தார். "நான் கரெக்டாத்தான் குடுக்கேன்," என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவரைப் பொறுத்தவரை ஒவ்வொரு தடவையும் முதல் தடவை.

"ஈரத்துல விழுந்து கொஞ்சம் வீணாப் போச்சும்மா. நான்தான் தூரப் போடச் சொன்னேன்," என்றேன்.

அவள் நம்பவில்லை. டாக்டரிடம் போனில் பேசினாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் விட்டிருந்தால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து தேங்கி மறுபடி திறக்க வேண்டியிருக்குமாம்.

இங்கே எழுதுகிறேன், வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரியும். காலையில் கொடுப்பார். மத்தியானம் தண்ணீரோடு வந்து, "மாத்திர இன்னும் குடுக்கலலா?" என்பார். கொடுத்தாச்சு அத்தான் என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணில் ஒரு பயம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமல் எழுந்து நிற்கிற பையனுக்கு வருகிற பயம். அதைப் பார்க்க முடியாமல் வாங்கி விழுங்கினேன். ஒன்று கூடினால் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன்.

மற்ற மாத்திரைகள் இன்று முதல் என் தலையணைக்கு அடியில்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மதி போன் பண்ணினாள்.

"அப்பா எங்கம்மா? எப்ப கூப்பிட்டாலும் வெளிய போயிருக்காங்க?"

"நடக்கப் போயிருக்காங்க. சுகருக்கு நல்லதுல்லா."

"நல்லாப் பாத்துக்கிடுதாங்களா ஒன்ன?"

"ராணி மாதிரி."

பொய் இவ்வளவு சரளமாக வருமென்று எனக்கே தெரியாது.

செப்டம்பர் 4, வியாழன்

மத்தியானம் அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். வெகுநேரம் என் காலையும் வாக்கரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்களுக்கு ஊர் எது?"

விளையாட்டு இல்லை என்று தெரிந்தது.

"தென்காசி," என்றேன். அதுதான் நான் பிறந்த ஊர். அவருடைய அம்மா பிறந்ததும் நான் பிறந்த அதே வீட்டில்தான்.

"அப்படியா? எங்க வீட்டுக்காரியும் தென்காசிதான்." முகம் மலர்ந்துவிட்டது. "அவ பேரும் உலகம்மா. ஆஸ்பத்திரியில கிடக்கா, காலுல ஆபரேஷன். அவ வந்தா இந்தக் கட்டில் வேணும். அதான், நீங்க எப்பக் கிளம்புதீங்கன்னு கேக்கலாம்னு..."

"அத்தான், நல்லாப் பாருங்க. நான்தான் உலகு."

எழுந்து நின்றார். அவர் குரல் எப்போதும் உரத்த குரல். இப்போது தணிந்து வந்தது.

"அவ பேரச் சொல்லாதீங்க."

"அத்தான்..."

"இன்னொருக்கா அவ பேரச் சொன்னா நான் பொல்லாதவனா ஆயிருவேன்."

நாற்காலியை இருந்த இடத்தில் சரியாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து, "உலகு, காப்பி போடட்டாட்டி?" என்று குரல் வந்தது. பழைய குரல். போடுங்க அத்தான் என்றேன்.

யார் தூங்குகிறாள், டிபன் பாக்ஸ் யாருக்கு என்பதெல்லாம் இனி நான் யோசிக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 6, சனி

காலையில் எழுந்து வாக்கரோடு போய்க் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப்போனது. பாத்ரூம் கதவுக்கு அந்தப் பக்கம். இதற்கு மேல் எழுத வேண்டாம்.

அவரே வந்து திறந்தார். "ஏன்ட்டி கதவ அடச்சிட்டுக் கிடக்க?" என்று என்னைக் கடிந்துகொண்டார். என் சேலையை மாற்றி, தரையைத் துடைத்து, வென்னீர் போட்டுக் காலைத் துடைத்து விட்டார். அவ்வளவு பதமாக எந்த நர்சும் செய்ததில்லை. குனிந்திருந்த அவர் தலையைத் தொட்டேன். நிமிர்ந்து, "என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

இன்றைக்கு மதிக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்தேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்றைக்கு எழுத முடியாது. நாளைக்கு எழுதுகிறேன். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று நடந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். முழித்தபோது கட்டிலருகே வாக்கர் இல்லை. தலைமாட்டில் போனும் இல்லை. வாசல் கதவை வெளியே பூட்டுகிற சத்தம் கேட்டது, அவர் வழக்கமாகச் செய்கிறபடி பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தமும். கேட் திறந்து மூடியது.

கொஞ்ச நேரத்தில் எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. அப்பளம் பொரிக்க வைத்திருப்பார். வாசனை மாறி நெடியாயிற்று. அறைக்குள் மெல்லிசாகப் புகை வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

ஜன்னல் வழியே கத்தினேன். எதிர்வீட்டில் பூட்டு தொங்கியது, கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மத்தியான வெயிலில் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

நல்ல காலை ஊன்றி, கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தேன். அங்கிருந்து சுவர், சுவரிலிருந்து நிலை. ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதன் முதுகைப் பிடித்து முன்னால் தள்ளித் தள்ளி நடந்தேன். ஆபரேஷன் பண்ணின கால் தரையில் படும்போதெல்லாம் உள்ளே ஏதோ கிழிகிற மாதிரி இருந்தது. கிழிந்தால் கிழியட்டும் என்று இருந்தேன். அழவில்லை என்று எழுத ஆசை. அழுதுகொண்டேதான் போனேன்.

அடுப்படியில் வாணலி எரிந்துகொண்டிருந்தது. தீ மேலே இருக்கிற பரண்வரை போயிருந்தது. பக்கத்தில் தொங்கிய கைத்துணியும் பிடித்துக்கொண்டது. அடுப்பின் திருகு தீயை ஒட்டி இருந்தது, கையை நீட்ட முடியவில்லை. சிலிண்டரைத்தான் மூட வேண்டும். அது மேடைக்குக் கீழே.

குனிய முடியாது. மண்டியிடவும் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்தேன். எட்டவில்லை. இன்னும் சாய்ந்தேன். முழங்கால் தானாக மடங்கியது, ஜெபஷீலா எத்தனை நாள் அமுக்கியும் மடங்காத அளவுக்கு. என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ரெகுலேட்டர் கையில் அகப்பட்டது. திருகினேன். பிறகு இட்லிக் கொப்பரையின் மூடியை எடுத்து வாணலி மேல் தள்ளி மூடினேன். துணியைக் கரண்டியால் இழுத்துத் தொட்டிக்குள் போட்டுக் குழாயைத் திறந்தேன்.

அதன் பிறகு நாற்காலியை விட்டு அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆட்டோ வந்து நின்றது. பூட்டு திறந்தது. முதலில் ஜெபஷீலா ஓடி வந்தாள், ஒரு கையில் என் வாக்கர். பின்னால் அத்தான், இஸ்திரி போட்ட சட்டையில், டிபன் பாக்ஸோடு.

கரி படிந்த சுவரையும் என்னையும் பார்த்தார்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்லா," என்றார் ஜெபஷீலாவிடம். "வீட்டுக்குள்ள பூந்து தீய வச்சிருக்கா."

ஜெபஷீலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டிலில் படுக்கவைத்த பிறகு, வாட்ச்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை அவள் சொன்னாள். தினமும் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறாராம். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாராம். நேரம் முடிகிறபோது எழுந்து, "நாளைக்கு வாரேன்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போவாராம். யாரோ நோயாளியின் சொந்தக்காரர் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. நேற்றுத்தான் வாக்கரைத் தூக்கிக்கொண்டு பிசியோதெரபி அறையைத் தேடி வந்திருக்கிறார். 'இது உங்க ஆஸ்பத்திரிச் சாமான்மா. எங்க வீட்டுல வந்து தங்கியிருக்க பொம்பள எடுத்துட்டு வந்துட்டா. என் வீட்டுக்காரிக்கு வேணும்லா, அவளுக்குக் குடுங்க.'

"ஆன்ட்டி, இனிம நீங்க மறைச்சாலும் நான் மறைக்க மாட்டேன்," என்றாள். என் கண் முன்னாலேயே மதிக்குப் போன் போட்டாள். நான் தடுக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மதி வந்திருக்கிறாள். வந்ததும் அடுப்படியைப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எப்பலேருந்தும்மா?"

"தை மாசம். மார்க்கெட்லேருந்து வீட்டுக்கு வழி தெரியாம நின்னாங்க. தெரிஞ்ச பையன் கூட்டிட்டு வந்து விட்டான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஒன் அப்பாவ எல்லாரும் வேற மாதிரிப் பாப்பீங்க. இப்பப் பாக்கியே, இந்த மாதிரி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதுக்குத்தான் இந்த ஆபரேஷனா?" என்றாள்.

"அவங்க பின்னால நடக்க ஒரு கால் வேணும்லா மதி."

என் முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே வைத்தது நகரவில்லை. வீக்கம் மட்டும்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

நரம்பு டாக்டர் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார். நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். தெரிந்த முகத்தை வேறு யாரோ என்று நினைப்பதும் இதில் சிலருக்கு வருமாம். மாத்திரை வேகத்தைக் குறைக்கலாம், திருப்பிக் கொண்டுவராது என்றார். நல்ல மனிதர், மழுப்பவில்லை.

வீட்டில் இப்போது கேஸுக்கு வால்வுப் பூட்டு. கேட்டுக்கும் பூட்டு. அதுதான் வினையாயிற்று. நாலு மணி ஆனதும் அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போகிறார். பூட்டைக் கண்டதும் உலுக்குகிறார். நேற்று உள்ளங்கையில் ரத்தம் வரும்வரை அடித்தார். தடுக்கப்போன மதியைத் தள்ளிவிட்டார். அவள் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. "அவ காத்துக் கிடப்பாட்டி, விடுங்கட்டி," என்று தெருவே பார்க்கக் கத்தினார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். அவர் தேடிப் போகத் துடித்த உலகு நான்தான். என்னால் என்ன செய்ய முடிந்தது?

புனேவில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று இருக்கிறதாம். மதி விசாரித்துவிட்டாள். "அப்பாவ அங்க வைப்போம். நீ எங்கூட இரு. வேற வழி இல்லம்மா. அடுத்த தடவ நீ எழுந்திரிக்க முடியாமப் போனா?"

அவள் சொல்வதில் தப்பு இல்லை.

செப்டம்பர் 24, புதன்

வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறிவிட்டேன். ஜெபஷீலா ஆச்சரியப்படுகிறாள்.

"இவ்வளவு வெறியா எக்சர்சைஸ் பண்ண யாரையும் நான் பாத்ததில்ல ஆன்ட்டி. எங்க ஓடப்போறீங்க?"

"உங்க ஆஸ்பத்திரிக்கு," என்றேன். என் யோசனையைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என் காலை அமுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மதியிடமும் சொன்னேன். பைத்தியக்காரத்தனம் என்றாள். அப்புறம், ஒரே ஒரு நாள் செய்து பார்க்கலாம் என்றாள்.

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் அத்தான் என்னிடம், "இன்னும் கிளம்பலையா நீங்க?" என்று கேட்டார். இன்றைக்குப் போய்விடுகிறேன் என்றேன். "கோவப்பட்டுப் போகாதீங்க," என்றார்.

மூன்று மணிக்கு மேல் அவர் குளிக்கப் போனதும் நான் தலை சீவி, பச்சைச் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு, பின்வாசல் வழியே ஆட்டோ ஏறினேன். ஜெபஷீலா ஆஸ்பத்திரிப் படியில் கை கொடுத்து ஏற்றினாள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. இங்கேயும் என்னைத் தெரியவில்லை என்றால் மதி சொல்கிற இடத்துக்குத்தான். பிறகு நான் தடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

நாலு மணிக்கு மதி அவரைக் கூட்டி வந்தாள், இரண்டடி பின்னால் நின்றாள். அவர் டிபன் பாக்ஸை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வழக்கமாக உட்காரும் இடத்தைத் தேடி வந்தார். யாரோ உட்கார்ந்திருப்பதைக் கண்டு தயங்கினார். என் பாதத்தைப் பார்த்தார், கைத்தடியைப் பார்த்தார். கடைசியாக முகத்தைப் பார்த்தார்.

"என்னட்டி, கீழ வந்து உக்காந்திருக்க? விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க அத்தான்."

"எத்தன நாளாட்டி நான் வந்து வந்து போறேன்." பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாக்ஸைத் திறந்தார். தயிர்சாதம். உப்பு இல்லை. எல்லார் முன்னாலும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மதி தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

ஆட்டோவில் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வழியெல்லாம் பேசினார், ஆபரேஷன் பற்றி, டாக்டர் பற்றி, மதி வந்திருப்பது பற்றி. எல்லாமே சரியாகச் சொன்னார். எல்லாம் திரும்பி வந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்துவிட்டது.

கேட்டருகே இறங்கியதும் என் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். வீட்டைப் பார்த்தபடி, காதோரம் குனிந்து சொன்னார்.

"சத்தம் போடாத. உள்ள ஒருத்தி இருக்கா."

அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன. மதி முன்னால் போய் வாசல் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உள்ளே இன்னும் விளக்குப் போடவில்லை. நானும் அந்த இருட்டைப் பார்த்தேன். அவர் பார்த்த மாதிரியே.

"அவ போயிட்டா அத்தான்," என்றேன். "இன்னைக்குத்தான் கிளம்பிப் போனா. நான் வாரேன்னு தெரிஞ்சதும் போயிட்டா."

நம்பவில்லை. என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனார். ஒவ்வொரு அறையாக விளக்குப் போட்டுப் பார்க்கிறது தெரிந்தது. பாத்ரூம் கதவைத் திறந்து மூடினார். கட்டிலுக்கு அடியிலும் பார்த்திருப்பார் போல, வேட்டியில் தூசியோடு வந்து நின்றார்.

"ஆமா. காணும்," என்றார். பிறகு என் கையைப் பிடித்துப் படியேற்றிக்கொண்டே, கவலையாகக் கேட்டார்.

"அவளுக்குப் போக ஒரு இடம் இருக்கான்னு கேட்டியாட்டி?"